பொழி முறிந்த அன்று எடுத்த படங்கள்

எனக்குக் கல்யாணமான மறு வருடம் என் கணவருடைய விரல்கள் வெடிக்கத் தொடங்கின. நாகர்கோவிலில் மீனாட்சிபுரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில், அவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் கழுவுகிற மருந்து அவர் தோலுக்கு ஆகவில்லை. முதலில் விரலிடுக்கில் சொறி வந்தது, பிறகு தோல் பிளந்து நீர் கசிந்தது. சோற்றைக் கையால் பிசைய முடியாமல் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார். இனி அந்த மருந்தில் கை வைத்தால் விரலே போய்விடும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இருட்டறை வேலை என்னிடம் வந்தது. படம் பிடிப்பது அவர், கழுவுவது நான்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. கல்யாணப் படம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து எடுக்கிற படம், இவைதான் வெளிக்குத் தெரிகிற வேலை. ஆனால் பாதி வேலை சாவு வீட்டில்தான். உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றுவதில்லை. கண் மூடிய பிறகு சைக்கிளில் ஆள் அனுப்புவார்கள். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டு, இரண்டு பக்கமும் பிள்ளைகளை நிறுத்தி எடுக்க வேண்டும். அந்தப் படங்களைக் கழுவுவதும் நான்தான். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் தட்டுக்குள் வெள்ளைத் தாள் கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஒரு செத்த முகம் வரும். ஆரம்பத்தில் அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது. பிறகு பழகிப்போயிற்று.

என் கணவருக்கு இதிலெல்லாம் மனம் இல்லை. வீட்டுச் செலவுக்காகச் செய்தார். அவருக்கு வேண்டியது வேறு. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவில் ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு தேரூர்க் குளத்துக்குப் போய்விடுவார். கொக்குக் கூட்டம் தண்ணீரை விட்டுக் கிளம்புகிற அந்த ஒரு நொடி அவருக்கு வேண்டும். உட்கார்ந்திருக்கிற கொக்கும் வேண்டாம், பறந்துபோன கொக்கும் வேண்டாம், கால் தண்ணீரை விட்டும் விடாமலும் இருக்கிற நேரம் வேண்டும். மருந்துவாழ்மலை மேல் மின்னல் இறங்குவதை எடுக்க மழையில் நிற்பார். ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்று புல்லைப் படுக்கவைத்துக்கொண்டு ஓடுவதை எடுக்கப் போய் கண் நிறைய மணலோடு வந்தார்.

“மனுசன்னா அசையாம நில்லுன்னா நிப்பான்” என்பார். “கொக்குக்கிட்டச் சொல்ல முடியுமா? அது போனா போனதுதான்.”

பெரும்பாலும் போனதுதான். நான் கழுவிப் பார்த்தால் வெறும் குளம் இருக்கும், அல்லது மூலையில் ஒரு வெள்ளைத் தீற்றல் இருக்கும். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் பேசமாட்டார். எப்போதாவது ஒரு படம் சரியாக விழும். ஈரப் படத்தை இடுக்கியில் பிடித்து வெளியே கொண்டுவந்து காட்டினால், வெடித்த விரல்களை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பார். எனக்கு அந்தப் படங்களைப் பார்த்து ஒன்றும் தோன்றாது. அவர் முகத்தைப் பார்க்கத்தான் பிடிக்கும்.

ஒரு ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. பழையாறு கடலில் சேருகிற மணக்குடியில், வெயில் காலத்தில் அலை மணலைத் தள்ளித் தள்ளி ஆற்றின் வாயை மூடிவிடும். அந்த மணல் திட்டைத்தான் பொழி என்போம். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் போக வழி இல்லாமல் பின்னால் ஏறும். அந்த வருடம் உப்பளம் மூழ்கி, சுசீந்திரம் வரைக்கும் நட்ட நாற்று மூழ்கிக் கிடந்தது. பொழியை வெட்டிவிட வேண்டியதுதான் என்று வயல்காரர்களும் கடற்கரைக்காரர்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். உப்பளத்தில் கணக்கு எழுதுகிற ஒரு உறவுக்காரர் கடைக்கு வந்தபோது, நாளைக் காலையில் வெட்டப் போகிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். என் கணவர் அப்போதே எழுந்து போய் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் அவர் திரும்பி வந்தது சாயங்காலம். தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். கேமராவை எண்ணெய்த் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். துவட்டிக்கொள்ளக்கூட இல்லாமல் நின்றபடியே சொன்னார். முதலில் மண்வெட்டியால் ஒரு சின்ன ஓடைதான் கீறினார்களாம். சிறு பிள்ளைகள் முற்றத்தில் விளையாட வெட்டினதுபோல் தண்ணீர் நூலாகப் போயிற்றாம். கொஞ்ச நேரத்தில் இரண்டு கரையும் இடிந்து விழ ஆரம்பித்தது. பிறகு மொத்தத் திட்டும் நகர்ந்தது. ஆறு கடலுக்குள் பாய, கடல் எதிரே ஏறிவர, இரண்டும் மோதித் தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழுந்து நின்றதாம். கூச்சல் போட்டால் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்காத இரைச்சல். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். இவர் கிழக்குக் கரையில் ஒரு தென்னந்தோப்பு மேட்டில் நின்று ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்.

“ஒண்ணாவது விழுந்திருக்கும், பிள்ளே” என்றார். குளிரில் பல் அடித்துக்கொண்டது. நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் நான் கழுவினேன். விழுந்திருந்தது. மற்ற படங்களில் மணலும் மழையும் மங்கலாக மனிதர்களும் இருந்தார்கள். ஒரு படத்தில் மட்டும், தண்ணீர் அப்படியே சுவர்போல் எழுந்து, மேல்விளிம்பு உடைந்து நுரையாகத் தெறிக்கப்போகிற அந்த நிலையில் நின்றிருந்தது. அதற்கு முந்தினதில் அது எழவில்லை, அடுத்ததில் விழுந்துவிட்டது. இடது ஓரத்தில், மிச்சமிருந்த மணல் நாக்கின் மேல், ஒரு கம்பு நட்டதுபோல் ஏதோ தெரிந்தது. வள்ளம் கட்டுகிற கம்பாயிருக்கும் என்று நான் சொன்னேன். அவரும் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். பெரிதாக்கும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். அந்தக் கம்பு நின்னாத்தான் தண்ணிக்க உயரம் தெரியும்” என்றார்.

அதைப் பெரிதாக்கி, மாடிப்படிக்குக் கீழே தெருவைப் பார்த்திருக்கிற கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். அதுவரை அதில் மணப்பெண்களும் கொழுத்த குழந்தைகளும்தான் இருந்தார்கள். இப்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒருவர் மேலே ஏறிவந்து, இதைத் திருவனந்தபுரத்தில் நடக்கிற கண்காட்சிக்கு அனுப்பலாம் என்று சொல்லி ஒரு பிரதி வாங்கிப்போனார். என் கணவர் அந்தத் தையும் மாசியும் நடக்கிற நடையே வேறாக இருந்தது.

கடற்கரையிலிருந்து பெண்கள் பனையோலையில் முடைந்த மீன் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக எங்கள் தெரு வழியாகத்தான் சந்தைக்குப் போவார்கள். வெறும் கடவத்தோடு திரும்பும்போது மெதுவாகப் போவார்கள். அவர்களில் ஒருத்தி திரும்பிப் போகையில் தினமும் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்பதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். என் வயதுதான் இருக்கும். மற்றவர்கள் தெருமுனை திரும்பியதும் அவளும் போய்விடுவாள். ஒருநாள் அவள் கடவத்தைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படி ஏறி வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு, மீன் நாற்றம் என்று சொல்லி அங்கேயே நின்றுகொண்டாள்.

“அக்கா, கீழ கண்ணாடிக்குள்ள வச்சிருக்கியளே ஒரு வெள்ளத்துக்க படம். அது மணக்குடிப் பொழிதானே?”

ஆமாம் என்றேன். எப்போது எடுத்தது என்று கேட்டாள். ஐப்பசியில், பொழி வெட்டின அன்றைக்கு என்றேன்.

“அதுல நிக்கது எனக்க மாப்பிளையாக்கும்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அதில் ஆள் யாரும் இல்லை, வெறும் தண்ணீர்தான் என்றேன். மூலையில் நிற்கிறதே என்றாள். அது கம்பு என்றேன்.

“கம்பு எடது கைய இடுப்புல வச்சுக்கிட்டா நிக்கும்?”

நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு நெகடிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த என் கணவரும் எழுந்து வந்து பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். நெகடிவில் எல்லாம் தலைகீழாக இருக்கும். நுரை கறுப்பாகவும் ஆள் வெளுப்பாகவும் இருக்கும். எத்தனையோ நாள் கையில் வைத்துப் பார்த்த படம்தான். இப்போது அவள் சொன்ன பிறகு அந்த ஆளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டின துணி. தலையில் ஒரு துண்டு. இடது கை இடுப்பில். அந்த முழங்கை மடிப்பில் ஒரு சின்ன முக்கோணமாக வெளிச்சம் புகுந்திருந்தது. அவர் பூதக்கண்ணாடியை மேஜையில் வைத்தார்.

“நான் பாக்கல்ல” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. “நான் தண்ணியத்தான் பாத்துட்டு இருந்தேன்.”

அவள் தரையில் உட்கார்ந்து கதையைச் சொன்னாள். அழவில்லை. பலமுறை சொல்லிப் பழகின மாதிரிச் சொன்னாள். அன்று காலையில் அவன் பொழி வெட்டப் போகிறேன் என்று போனான். வரவில்லை. பொழி முறிந்தபோது கொஞ்சம் பேர் கிழக்கே ஓடினார்கள், கொஞ்சம் பேர் மேற்கே ஓடினார்கள். கிழக்கே நின்றவர்கள் அவன் மேற்கே இருப்பான் என்று நினைத்தார்கள். மேற்கே நின்றவர்கள் கிழக்கே இருப்பான் என்று நினைத்தார்கள். நடுவே ஆறு கடல்போல் கிடந்தது, கடந்து வந்து கேட்க வழியில்லை. மறுநாள்தான் இரண்டு பக்கமும் இல்லை என்று தெரிந்தது. உடல் எங்கும் ஒதுங்கவில்லை.

அவன் கொழும்புக்குப் போக வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம். அங்கே அவனுடைய சித்தப்பா மகன் இருந்தான். அவனுடைய அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். எனக்க மவன் தூத்துக்குடி போய் வள்ளம் ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டான், பெண்டாட்டியின் வாய் தாங்காமல் போய்விட்டான் என்று ஊரெல்லாம் சொன்னாள். ஊரும் அதையே சொல்ல ஆரம்பித்தது. வடசேரியில் பஸ் ஏறினதைப் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னானாம். இவள் பொழியில்தான் போனான் என்று சொல்லிப் பார்த்தாள். புருசனைத் துரத்திவிட்டு இப்போது அவனைக் கொல்லவும் பார்க்கிறாளே என்று மாமியார் கத்தினாள். ஐப்பசியிலிருந்து அந்த ஊரில் அவளோடு யாரும் சேர்ந்து நடப்பதில்லை. கடவத்தோடு வருகிற கூட்டத்தில்கூட ஒரு பத்தடி பின்னால்தான் வருவாள்.

“அவருக்க படம் ஒண்ணும் எங்கிட்ட கெடையாது அக்கா” என்றாள். “முகம் தெரியதாட்டு பெருசாக்கித் தாருங்க.”

இருட்டறைக்குள் வெளியாட்களை விடுவது வழக்கமில்லை. அன்று அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். என்லார்ஜரில் நெகடிவை வைத்து, அந்த மூலையை மட்டும் பலகை மேல் விழவைத்தேன். விரல் நகம் அளவுக்கு இருந்தவன் ஒரு சாண் ஆனான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிக் கூட்டம் இருந்தது. இன்னும் பெரிதாக்கச் சொன்னாள். ஆக்கினேன். ஆள் கரைந்து வெறும் மணல்போல் ஆனான். அவள் பலகைக்கு மேல் குனிந்து அதில் எங்கே கண், எங்கே மூக்கு என்று தேடினாள். இதற்கு மேல் முடியாது, பெரிதாக்க ஆக்க ஒன்றுமில்லாமல் போகும் என்று சொன்னேன். பலகையிலிருந்து நிமிர்ந்து, “அப்ப ஆளாத் தெரியுத அளவுக்கு வையுங்க” என்றாள்.

மறுபடியும் சிறிதாக்கி, தாளில் பதித்து, மருந்துத் தட்டில் போட்டேன். தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தேன். முதலில் நுரையின் நிழல் வந்தது. பிறகு இடுப்பும் கையும் வந்தன. தலைத்துண்டு கடைசியில் வந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“தண்ணிக்குள்ள இருந்துல்லா வாறாரு” என்றாள்.

மருந்துக்குள் கையை விட்டுத் தாளைத் தொட்டாள். நான் தட்டை ஆட்டுவதை நிறுத்தினேன்.

இதற்கு அடுத்து எடுத்த படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அடுத்ததையும் அதே அளவில் எடுத்துக் கொடுத்தேன். அதே இடம், அதே மூலை. மணல் நாக்கு இல்லை. ஆள் இல்லை. கலங்கின தண்ணீர் மட்டும் வெள்ளையும் கறுப்புமாகச் சுழன்றுகொண்டிருந்தது. இரண்டு படத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று வெளியே வந்து என் கணவரிடம் கேட்டாள். பிலிம் சுற்றை ஒரு தடவை திருப்புகிற நேரம்தான் என்று அவர் சொன்னார். விரல்களால் திருப்பியும் காட்டினார். பிறகு கையைச் சட்டென்று மடிக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மணக்குடிக்குப் போனோம். அவள் வரச் சொல்லியிருந்தாள். தான் கொண்டுபோய்க் காட்டினால் நம்பமாட்டார்கள் என்றாள். கடலோரத்தில் ஓலைக் குடிசை. மாமியார் வாசலில் பாயில் நெத்திலி உலர்த்திக்கொண்டிருந்தாள். காதில் பாம்படம் தொங்க, நல்ல உயரமான பொம்பிளை. எங்களைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். என் கணவர் படத்தை இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் கொடுத்தார். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவளும் கண்டுகொண்டாள் என்று தெரிந்தது. அந்த முழங்கை மடிப்பில் போய் அவள் கண் நின்றுவிட்டது.

“இது ஆருக்க மவனோ” என்றாள். “எனக்க மவன் கொழும்புல இருக்கான்.”

மருமகள் ஏதோ சொல்ல வந்தாள். மாமியார் அதைக் கவனிக்காமல் என் கணவரிடம் திரும்பினாள்.

“நீ எங்க நின்னு பிடிச்சே?”

கிழக்கே, தென்னந்தோப்பு மேட்டில் என்று சொன்னார்.

“அப்ப பாத்துட்டுத்தானே நின்னே?”

“இல்ல அம்மா. நான் தண்ணியத்தான் பாத்தேன். ஆள் நிக்கது எனக்குத் தெரியல்ல.”

“உனக்குத் தெரியாம உனக்க பெட்டிக்குள்ள எப்படி வந்தான்?”

அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் படத்தை மருமகள் கையில் கொடுத்துவிட்டு நெத்திலியைப் புரட்ட உட்கார்ந்தாள்.

அங்கிருந்து மணக்குடிக் கோவில் பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் படத்தை மேஜை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார். அன்று பொழி வெட்டினவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்கள் பார்த்தார்கள், அவன்தான் என்றார்கள், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக வந்தவர் கொஞ்சம் வயதானவர். படத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கரை இடிய ஆரம்பித்து எல்லாரும் ஓடி வந்தபோது ஒரு மண்வெட்டி திட்டில் கிடந்துவிட்டதாம். இவருடையது. அதை எடுத்துட்டு வா மக்கா என்று அவனிடம் சொன்னது இவர்தான். அவன் திரும்பிப் போனான். பிறகு இரைச்சல், எல்லாரும் ஓட்டம். அவன் அந்தப் பக்கம் இறங்கிப் போயிருப்பான் என்று நினைத்தேன், கொழும்புக்குப் போய்விட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அதையே நினைத்துக்கொண்டேன் என்று சொன்னார். வடசேரியில் பஸ் ஏறினதைப் பார்த்தேன் என்று சொன்னதும் அவர்தான். சாமியார் அவரை எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

தண்ணீர் எழுவதற்கு முந்தின படத்தையும் நான் கொண்டுபோயிருந்தேன். அதைப் பிறகுதான் பார்த்தோம். திட்டின் நடுவில் அவன் எதையோ எடுக்கக் குனிந்திருந்தான்.

ஊரின் பிறப்பு இறப்பு எழுதுகிற பகுதிக் கச்சேரியில் மரணம் எழுதப் போனார்கள். சவம் இல்லாமல் எழுத முடியாது, படம் வைத்து எழுத வழியில்லை என்று அங்கிருந்த ஆள் மலையாளத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். சர்க்கார் எழுதாவிட்டால் என்ன, நாம் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று சாமியார் பூசைக்கு நாள் குறித்தார். அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் வேறு சபை. இருந்தாலும் போனோம். கோவில் நிறைய ஆட்கள். சவப்பெட்டி வைக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் துணி மட்டும் விரித்திருந்தார்கள். அவள் முதல் வரிசையில் இருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. பக்கத்துக்கு ஒருத்தியாக இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை பத்தடி தள்ளி நடந்தவர்களாகத்தான் இருக்கும். துக்கமணி அடித்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமியார் கோவிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணலில் காலை நீட்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து படத்தை அன்றே எடுத்துவிட்டோம். திருவனந்தபுரத்துக்குப் போனதைத் திருப்ப முடியவில்லை. அது அங்கே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சித்திரையில் முத்திரை போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று தபாலில் வந்தது. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார். என் கணவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார். அவர் போன பிறகு பத்திரத்தை அலமாரியில் பழைய கண்ணாடி நெகடிவ் தகடுகளுக்கு அடியில் வைத்தார்.

அவர் படம் பிடிப்பதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் பிலிம் அப்படியே திரும்பி வந்தது. கேட்டால், கொக்குக் கிளம்பிற்று, அந்த நேரம் பார்த்துக் குளத்தில் யாராவது இறங்கி நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டேன் என்பார். இன்னொரு நாள் மின்னல், இன்னொரு நாள் அலை. ஒவ்வொரு தடவையும் முதலில் நாலு பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது, பார்த்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. நீங்கள் யாரையும் தள்ளிவிடவில்லையே என்று ஒருநாள் சொன்னேன். அது எனக்குத் தெரியும் என்றார். கொஞ்சம் கழித்து, “தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பேன். கேட்டிருக்காது. ஆனாலும் கூப்பிட்டிருப்பேன்” என்றார். அவருடைய விரல்கள் அந்த வருடம் நன்றாக ஆறிவிட்டன. மருந்தைத் தொடாமல் இருந்ததால் ஆறியிருக்கும்.

அடுத்த மழைக்காலம் தொடங்கினபோது மணக்குடியிலிருந்து அவளுடைய மாமியார் வந்தாள். என் கணவர் ஒரு கல்யாணத்துக்குக் கொட்டாரம் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். படி ஏறின மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வருடத்துக்குள் அந்த உயரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முதுகு வளைந்திருந்தது. மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கூடத்தான் இருக்கிறாள், மீனுக்குப் போகிறாள், கஞ்சி ஊற்றுகிறாள் என்றாள். வீட்டில் அவள் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாளாம். நான் அந்தப் பக்கம் பார்க்கிறதில்லை, பாயைத் திருப்பிப் போட்டுப் படுக்கிறேன் என்றாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள்.

“அதுக்குப் பொறவு எடுத்த படம் ஒண்ணு உண்டும்லா.”

உண்டு, ஆனால் அதில் அவன் இல்லையே, வெறும் தண்ணீர்தானே என்றேன்.

“அதத்தான் கேக்கேன். அவன் நிக்காத படத்தத் தா.”

எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து விரலால் தடவிப் பார்த்தாள். அவன் நின்ற இடம் அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. விரல் அங்கே போய், அங்கிருந்து தண்ணீர் மேலேயே மெல்ல நகர்ந்து போயிற்று.

“இதுல கொழும்பு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

எனக்குச் சரியாகத் தெரியாது. கடல் இருந்த இடது ஓரத்தைக் காட்டினேன். படம் அங்கே முடிந்துவிடுகிறதே என்றாள். ஆமாம், அதற்கு அப்பால் இருக்கும் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, படத்தை ஒரு வாழைச்சருகுக்குள் வைத்துச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டாள். வெளியே மழை பிடித்துவிட்டது. விட்ட பிறகு போகலாம் என்றேன். நனைந்தால் என்ன, கடற்கரைக்காரிதானே என்று சொல்லி எழுந்தாள். படி வழுக்கும், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதற்கு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் படத்தை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.